பி08 லூகரில் எண் பொருந்தாத பாகங்கள்: 'ஒரிஜினல்' என்று விற்பதை எப்படிச் சோதிப்பது?

கேள்வியின் சுருக்கம் இது. சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) மேல் 1937 என்றும் டாகிள் (மேலே முழங்கால்போல் மடங்கி எழும் இணைப்பு) மேல் எஸ்/42 (மவுசர் ஆலையின் குறியீடு) என்றும் குறியுள்ள ஒரு பி08 லூகர், அதாவது பழைய ஜெர்மன் ராணுவக் கைத்துப்பாக்கி. ஃப்ரேம் (பிடியோடு கூடிய கீழ்ச்சட்டம்), பாரல் (குழல்), ரிசீவர் (குழல் பொருந்தும் மேல்சட்டம்) மூன்றிலும் ஒரே எண். கடைசி இரண்டு இலக்கம் 47. ஃபயரிங் பின் (தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும் ஊசி), பின்பக்க டாகிள் பின், துப்பாக்கியைக் கழற்றும் லீவர் ஆகிய மூன்றில் மட்டும் வேறு எண்கள். சந்தையில் "ஒரிஜினல்" என்று வருபவற்றில் எதை நம்பி வாங்குவது? எண் பொருந்தினால் போதுமா?

போதாது. லூகர் பாகத்தில் எண்ணைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். எண்ணை எவரும் அடிக்கலாம். இரும்பு எப்படிக் கடையப்பட்டது, எந்த முறையில் நிறமேற்றப்பட்டது என்பதைப் போலியாகச் செய்வது அதைவிடப் பல மடங்கு கடினம்.

விற்பவர்கள் "ஒரிஜினல்" என்ற ஒரே சொல்லை நான்கு வகைப் பாகங்களுக்குச் சொல்கிறார்கள். முதல் வகை, இதே துப்பாக்கியோடு தொழிற்சாலையிலிருந்து வந்த பாகம். இரண்டாவது, அதே தொழிற்சாலையில், அதே காலத்தில் செய்யப்பட்டு வேறொரு துப்பாக்கியிலிருந்து கழற்றப்பட்டது. மூன்றாவது, ராணுவத்தின் ஆயுதப் பழுதுபார்ப்பவர் பணிக்காலத்திலேயே உதிரிப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தியது. நான்காவது, போருக்குப் பின் செய்யப்பட்டவை: கிழக்கு ஜெர்மனியில் செய்தவை, மவுசர் நிறுவனம் 1970 வாக்கில் மறுபடி பாரபெல்லம் பிஸ்டல் (லூகரின் மற்றொரு பெயர்) செய்யத் தொடங்கியபோது செய்தவை, இன்றைய பட்டறைகளில் செய்பவை. முதல் வகை ஒருமுறை கைவிட்டுப் போனால் போனதுதான், அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. நீங்கள் தேடுவது இரண்டாவது வகையை. உங்கள் துப்பாக்கியில் இப்போது இருக்கும் பொருந்தாத பாகங்கள் மூன்றாவது வகையாக இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். அப்படியென்றால் அவற்றை மாற்றுவது அதன் வரலாற்றையே கழற்றி எறிவதாகும்.

எண் எதற்காக அடித்தார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். லூகரின் பாகங்கள் கையால் இழைத்துப் பொருத்தப்பட்டவை. பொருத்திய பின் நிறமேற்றப் பிரித்தெடுக்கும்போது ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்பதற்கே எண். ராணுவப் பிஸ்டலில் ஃப்ரேமின் முன்பக்கத்திலும் பாரலின் அடியிலும் முழு எண் இருக்கும், கூடவே ஓர் எழுத்தும். ரிசீவரின் இடப்பக்கம் முழு எண் மட்டும். பிரீச் பிளாக் (தோட்டாவின் பின்புறத்தை மூடும் கட்டை), டாகிள் இணைப்புகள், எக்ஸ்ட்ராக்டர் (உறையை இழுத்தெடுக்கும் கொக்கி), சைடு பிளேட் (ஃப்ரேமின் பக்கத்து மூடி), ட்ரிகர், கழற்றும் லீவர், சேஃப்டி லீவர், சேஃப்டி பார், சியர் பார் (ஃபயரிங் பின்னைப் பிடித்து நிறுத்தி, ட்ரிகர் அழுத்தும்போது விடுவிக்கும் துண்டு), ஹோல்டு ஓபன் (மேகசின் காலியானதும் டாகிளைத் திறந்தே நிறுத்துவது), பின்பக்க டாகிள் பின், ஃபயரிங் பின் எனச் சிறு பாகங்களில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும். ஸ்பிரிங்குகளிலும் திருகுகளிலும் எண்ணைத் தேடாதீர்கள்.

வரிசை எண் ஒன்றில் தொடங்கிப் பத்தாயிரம் வரை போகும். பிறகு பின்னால் 'ஏ' என்ற சிறிய சாய்வெழுத்து சேர்த்து மறுபடி ஒன்றிலிருந்து, அதன்பின் 'பி', 'சி' என்று. புத்தாண்டு பிறந்தால் எல்லாம் முதலிலிருந்து. ஆகவே ஒவ்வொரு பத்தாயிரத்திலும் 47 என்று முடியும் துப்பாக்கி நூறு. மவுசர் ஆண்டுக்கு இப்படிப் பல தொகுதிகளைச் செய்தது. 47 என்று அடித்த உண்மையான கழற்றும் லீவர்கள் உலகில் நிறைய இருக்கின்றன. தேடினால் கிடைக்கும். விற்பவர்கள் பாகங்களை இலக்கவாரியாகப் பிரித்து வைத்திருப்பதும் இதற்குத்தான். எண் பொருந்துகிறது என்பது அந்தப் பாகம் உங்கள் துப்பாக்கியுடையது என்பதற்கு எந்த வகையிலும் சாட்சியல்ல. இது மோசடி என்றும் சொல்ல முடியாது, பின்னாளில் விற்கும்போது "எல்லா எண்களும் பொருந்தியது" என்று சொல்லி, மாற்றியதை மறைத்தால்தான் மோசடி.

இனி உங்கள் கையில் இருக்கும் துப்பாக்கிக்கு வருவோம். 1937 மிகவும் வம்பான ஆண்டு. அந்த ஆண்டில்தான் மவுசர் நிறமேற்றும் முறையை மாற்றியது. அதற்கு முன் துரு-புளூயிங். மெதுவாகத் துருவேற்றி, கொதிநீரில் கருக்கி, தேய்த்து, மறுபடி மறுபடி செய்வது. பட்டுப்போன்ற, சற்றே சாம்பல் கலந்த நீலம். வெளிப்பரப்புக்குத்தான் இது, ஃப்ரேமின் உள்வயிறும் சைடு பிளேட்டின் உட்புறமும் வெள்ளை இரும்பாகவே விடப்பட்டன. ட்ரிகர், சேஃப்டி லீவர், கழற்றும் லீவர், எஜெக்டர் (உறையை வெளியே தள்ளும் துண்டு), மேகசின் கேட்ச் ஆகியவை மட்டும் சூடேற்றி வைக்கோல் நிறத்தில் நிறுத்தப்பட்டன. புதிய முறை உப்பு-புளூயிங். பாகம் முழுதாகச் சூடான உப்புக் குளியலில் மூழ்கும். பளபளப்பான கருநீலம் வரும், உள்ளேயும் கருக்கும், அந்த வைக்கோல் நிறப் பாகங்களும் நீலமாகிவிட்டன. தேய்மானமும் வேறுபடும். துரு-புளூயிங் தேயும்போது சாம்பல்-பழுப்பாக மங்கும், உப்பு-புளூயிங் விளிம்பில் வெள்ளை இரும்பைக் காட்டியபடி சட்டென்று விட்டுப்போகும்.

ஆகவே ஒரு பாகத்தையும் வாங்குமுன் உங்கள் ட்ரிகரையும் சேஃப்டி லீவரையும் பாருங்கள். அவை 47 எண்ணோடு வைக்கோல் நிறத்தில் இருந்தால் உங்களுக்கு வேண்டியது வைக்கோல் நிறக் கழற்றும் லீவர். அவை நீலமென்றால் நீல லீவர். 1937 என்ற ஆண்டை மட்டும் சொல்லி ஆர்டர் செய்தால் பாதி வாய்ப்பில் தவறான நிறம் வந்து சேரும். சைடு பிளேட்டைத் திறந்து உள்ளே வெள்ளையா கருப்பா என்று பார்ப்பது இரண்டாவது சாட்சி. வெளியே வைக்கோல் நிறப் பாகங்களும் உள்ளே முழுக் கருப்பும் சேர்ந்திருந்தால், துப்பாக்கியே பின்னாளில் குளியலில் மூழ்கி எழுந்தது. வைக்கோல் நிறம் அதற்குப் பின் ஏற்றியது. அந்த நிலையில் மூன்று சிறு பாகங்களைப் பற்றிக் கவலைப்படுவதில் பொருளில்லை.

பிரித்துப் பார்ப்பதற்கு முன் மேகசினை எடுத்துவிட்டு, டாகிளைப் பின்னுக்கு இழுத்து, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். லூகரில் இது சம்பிரதாயமல்ல. மேல்பகுதியை ஃப்ரேமிலிருந்து பிரித்த பிறகும், சேம்பரில் குண்டு இருந்து சியர் பார் அழுத்தப்பட்டால் அது வெடிக்கும். பிறகு பாரல் முனையைக் கெட்டியான மரத்தில் வைத்து லேசாக அழுத்திப் பின்தள்ளி, லீவரைக் கீழே திருப்பினால் சைடு பிளேட் எழும்பி வரும், மேல்பகுதி முன்னோக்கி நழுவும். பின்பக்க டாகிள் பின் அப்போதுதான் இடப்பக்கமாக வெளியே வரும். ஃபயரிங் பின்னுக்கு பிரீச் பிளாக்கின் பின்புறம் இருக்கும் தாங்கியை ஸ்குரூ டிரைவரால் கால் சுற்றுத் திருப்ப வேண்டும், ஸ்பிரிங் துள்ளும், கட்டைவிரலை மேலேயே வைத்திருங்கள். இடப்பக்க மரப்பிடியைக் கழற்றினால் சேஃப்டி லீவருக்குப் பின்னாலிருக்கும் மெல்லிய மூலையைக் கவனியுங்கள். அவசரப்பட்டால் அந்த இடம்தான் சில்லாகப் பெயரும். பழைய பிடிகளில் பாதி அங்கேதான் உடைந்திருக்கின்றன.

மறுபடி பூட்டும்போது துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து மேல்பகுதியை நழுவவிடுங்கள், அப்போதுதான் டாகிளிலிருந்து தொங்கும் கொக்கி தானாக விழுந்து மெயின் ஸ்பிரிங் நெம்புகோலில் மாட்டும். பூட்டியதும் டாகிளை இழுத்தால் கடினமாக இருக்க வேண்டும். லொடலொடவென்று வந்தால் கொக்கி மாட்டவில்லை, மறுபடி கழற்றுங்கள்.

பாகம் கைக்கு வந்ததும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் பக்கவாட்டில் சாய்வாக விழும் ஒளியும் போதும். முதலில் மறைவான பரப்புகளைப் பாருங்கள். வெளியே தெரியும் பக்கத்தை எல்லோரும் மெருகேற்றுவார்கள், உள்பக்கத்தில்தான் செய்முறை தெரியும். அக்கால மில்லிங் கட்டர் ஒரே திசையில் மெல்லிய இணைகோடுகளை விட்டுச் செல்லும், உள்மூலைகள் கூர்மையாக இருக்கும். மெழுகு அச்சில் வார்த்த பாகத்தில் பரப்பு பொடிமணலாகத் தெரியும், உள்மூலைகள் மழுங்கியிருக்கும், எங்காவது உலோகம் ஊற்றிய காம்பை அரைத்த தடம் இருக்கும். உலோகத்தூளை அச்சில் அழுத்திச் செய்ததில் சிறிய வட்டத் தடங்கள் காணப்படும். கம்பி-மின்பொறியால் வெட்டியது முழுக்க ஒரே மாதிரி மூட்டமாக, எந்தத் திசைக்கோடும் இல்லாமல் இருக்கும். இந்த மூன்றில் எது தெரிந்தாலும் எண்ணைப் பார்க்கவே வேண்டாம், அது போருக்கு முந்தைய ஓபர்ண்டோர்ஃப் (மவுசர் ஆலை இருந்த ஊர்) பாகமல்ல.

அடுத்தது நிறம். வைக்கோல் நிறம் உண்மையில் எஃகின் மேல் படியும் மிக மெல்லிய ஆக்சைடு. எண்பது தொண்ணூறு ஆண்டில் விரல் படும் இடமெல்லாம் அது சாம்பலாகிவிடும். லீவரின் தண்டுப்பகுதியிலும் ஃப்ரேமுக்குள் மறைந்த விளிம்பிலும்தான் தேன்மஞ்சள் மிச்சமிருக்கும். மேலிருந்து கீழ்வரை ஒரே பொன்னிறமாக மின்னும் லீவர் சமீபத்தில் சூடேற்றப்பட்டது. உண்மையான பாகத்தைக்கூடச் சிலர் இப்படி "புதுப்பித்து" விற்கிறார்கள். விலை ஏறுகிறதாம். சேகரிப்பவர்கள் மதிப்பில் அது இறங்குகிறது.

எண்ணையும் நிறத்தையும் சேர்த்துப் பார்க்கும் இடம் இதுதான். சிறு பாகங்களில் எண் அடித்த பின்னரே நிறமேற்றினார்கள். இலக்கத்தின் பள்ளத்துக்குள்ளும் அதே நிறம் இருக்க வேண்டும். பள்ளத்தின் அடி வெள்ளையாக மின்னினாலோ, சுற்றிலும் உலோகம் புதிதாகப் பிதுங்கி நகத்தில் தட்டினாலோ, எண் பின்னால் வந்தது. பாரலிலும் ரிசீவரின் வலப்பக்க முத்திரைகளிலும் கதை தலைகீழ். அங்கே நிறமேற்றிய பிறகு முத்திரை அடித்ததால், பிதுங்கிய உலோகத்தின் மேல் நிறம் சற்றே வெளிறி, குறியைச் சுற்றி ஒரு மங்கலான வளையம் தெரியும். துரு-புளூயிங் துப்பாக்கியில் அந்த வளையம் இருப்பது நல்ல அறிகுறி. மறுபடி மெருகேற்றி நிறமடித்தவற்றில் அது காணாமல் போகும்.

பழைய எண்ணை அரைத்து எடுத்துப் புதிதாக அடித்ததைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. பாகத்தைக் குழல்விளக்கின் கீழ் பிடித்து, விளக்கின் நேர்கோட்டுப் பிரதிபலிப்பை எண்ணிருக்கும் பரப்பின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். பரப்பு தட்டையாக இருந்தால் கோடு நேராகவே போகும், அரைத்த இடத்தில் உள்ளுக்கு வளையும். சந்தேகமென்றால் வெர்னியர் காலிப்பரால் அந்த இடத்தின் தடிமனைப் பக்கத்து இடத்தோடு ஒப்பிடுங்கள். கூடவே இலக்க வடிவம். உங்கள் 47 ட்ரிகரிலும் சைடு பிளேட்டிலும் எப்படி இருக்கிறதோ, நான்கின் குறுக்குக்கோடு எங்கே வெட்டுகிறது, ஏழின் தலை எவ்வளவு நீளம், இரண்டு இலக்கத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று புகைப்படம் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நவீன அச்சுகளில் கோட்டின் தடிமன் எங்கும் ஒரே அளவாக, முனைகள் உருண்டு இருக்கும். கண் சீக்கிரம் பழகிவிடும்.

குளிர்-புளூயிங் திரவம் தடவி மறைத்திருந்தால் நிறம் திட்டுத்திட்டாக, லேசான செம்புச் சாயலோடு இருக்கும். எண்ணெய்த் துணியால் அழுத்தித் தேய்த்தால் துணியில் பழுப்பு ஏறும், ஒரு புளித்த உலோக வாசனையும் வரும்.

இனி அந்த மூன்று பாகங்கள். கழற்றும் லீவர் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். இன்னொன்று மட்டும்: அதில் கிரீடத்துக்குக் கீழ் எழுத்து என்ற பரிசோதனை முத்திரை இருந்தால் அது எர்ஃபுர்ட் அரசு ஆலையின் பாகம். எர்ஃபுர்ட் ஏறக்குறைய எல்லாச் சிறு பாகத்திலும் முத்திரை அடித்தது. பெர்லினின் டிடபிள்யூஎம் ஆலை அப்படிச் செய்யவில்லை, அதன் முத்திரைகள் ரிசீவரின் வலப்பக்கத்தில் இருக்கும். எர்ஃபுர்ட் லீவர் 1937 மவுசரில் கச்சிதமாக உட்காரும், வேலையும் செய்யும், ஆனால் அது முதல் உலகப் போர்க் காலத்துப் பொருள்.

ஃபயரிங் பின்னில் கவனிக்க வேண்டியது நீளவாக்கில் வெட்டிய பள்ளங்கள். பழைய டிடபிள்யூஎம், எர்ஃபுர்ட் பின்கள் உருண்டையாக, பள்ளமில்லாமல் இருக்கும். தோட்டாவின் பிரைமர் துளைபட்டால் வாயு பின்னோக்கிப் பாய்ந்து பின்னை அடித்துத் தள்ளும். அது வெளியேற வழிவிடத்தான் மவுசர் காலத்தில் பள்ளம் வந்தது. பழைய பின்களை எடுத்துவிட்டுப் பள்ளமுள்ளதைப் போட்டதும் உண்டு. ஆகவே எர்ஃபுர்ட்டில் பள்ளமுள்ள பின் இருந்தால் அது பிழையல்ல, பணிக்கால மாற்றமாக இருக்கலாம். உங்கள் துப்பாக்கிக்குப் பள்ளமில்லாத பின் "அபூர்வம்" என்று யாராவது தூக்கிக் காட்டினால் வாங்காதீர்கள். பின் முனை உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். தீக்குழி விழுந்திருந்தாலோ சப்பையாகியிருந்தாலோ எண் பொருந்தியும் பயனில்லை.

பின்பக்க டாகிள் பின் சின்னதுதான், ஆனால் சுடும்போது வரும் அதிர்ச்சி முழுவதையும் தாங்குவது அதுதான். இடப்பக்கத் தலையின் முகத்தில் இரண்டு இலக்கம் இருக்கும். அந்த முகம் மிகச் சிறியது, அரைத்து மறுபடி அடிப்பது எளிது, போலி எண் அதிகம் புழங்கும் பாகமும் இதுவே. தலையின் தடிமன் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். தண்டில் ஒருபக்கம் மட்டும் தேய்ந்து படி விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். பொருத்தினால் கட்டைவிரல் அழுத்தத்தில் உள்ளே போக வேண்டும், ஆட்டமும் இருக்கக் கூடாது. சுத்தியல் தேவைப்பட்டால் அது உங்கள் ரிசீவருக்கானதல்ல.

மற்ற பாகங்களையும் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் மூன்று மாறியிருந்தால் நான்காவதும் மாறியிருக்கலாம். எக்ஸ்ட்ராக்டரின் பக்கத்தில் எழுத்தைப் படியுங்கள். ஜெர்மன் ராணுவத்துக்கு "கெலாடன்" (தோட்டா ஏற்றப்பட்டுள்ளது) என்று இடப்பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் அதே சொல் இருந்தால் டச்சு ஒப்பந்தப் பிஸ்டலுடையது, "லோடட்" என்று ஆங்கிலத்தில் இருந்தால் அமெரிக்கச் சந்தைக்குப் போனதுடையது. சியர் பாரில் கூடுதலாகச் சிறு துளை இருந்தால் 1930களில் ஜெர்மன் போலீஸ் பிஸ்டல்களில் சேர்த்த 'ஷீவி' என்ற கூடுதல் சேஃப்டிக்கான துளை அது, ராணுவ எஸ்/42-இல் அதற்கு வேலையில்லை.

சைடு பிளேட்டை மட்டும் வெறும் அலங்கார மாற்றமாக நினைக்காதீர்கள். ட்ரிகரின் அசைவைச் சியருக்குக் கடத்தும் நெம்புகோல் அதற்குள்தான் இருக்கிறது. அந்த நெம்புகோலுக்கும் சியருக்கும் இடையிலான இடைவெளி ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனியாக இழைத்தது. வேறு துப்பாக்கியின் பிளேட்டைப் போட்டால் ட்ரிகர் அழுத்தியும் சுடாமல் போகலாம், இல்லையென்றால் மீண்டும் சியர் பிடிக்காமல் போகலாம். எண் பொருந்திய பிளேட் கிடைத்தது என்பதற்காக வேலை செய்யும் பிளேட்டைக் கழற்றுவது அறிவுடைய செயலல்ல.

பாரலின் அடியில் முழு எண்ணும் எழுத்தும் இருப்பதோடு, 8,83 போன்ற ஓர் அளவும் இருக்கும். அது துளையின் விட்டம், மி.மீ. கணக்கில், ஜெர்மன் வழக்கப்படி காற்புள்ளியோடு. பாரலும் ரிசீவரும் சேரும் இடத்தில் இரண்டின் மேலும் ஒரே நேராகச் சிறு கோடு வெட்டப்பட்டிருக்கும். அந்தக் கோடு உடைந்து இடம் மாறியிருந்தால் பாரல் கழற்றப்பட்டது. ராணுவப் பாரல் 100 மி.மீ., கடற்படைக்கு 150, பீரங்கிப்படைக்கு 200. ஃபின்லாந்தில் பணியாற்றிய லூகர்களில் டிக்கா என்று குறியிட்ட மாற்றுப் பாரலும் காணப்படும், அது அங்கே நியாயமான மாற்றம், மவுசர் எஸ்/42-இல் அல்ல.

மேகசினைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், அதிகம் ஏமாற்றப்படும் பொருள் அதுதான். முதல் உலகப் போர்க் காலத்தில் அடிப்பகுதி மரம். மவுசரின் 1930களில் அலுமினியம். பிறகு கருப்புப் பிளாஸ்டிக். ஒவ்வொரு பிஸ்டலுக்கும் இரண்டு மேகசின் தந்து, இரண்டின் அடியிலும் முழு எண் அடித்து, உதிரி மேகசினில் மட்டும் கூட்டல் குறியையும் சேர்த்தார்கள். உங்கள் துப்பாக்கிக்கு வேண்டியது அலுமினிய அடி, அதில் எண், எழுத்து, கழுகு/63 என்ற ராணுவப் பரிசோதனை முத்திரை. இங்கே நான்கு இலக்கமும் எழுத்தும் சேர்ந்திருப்பதால் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே "பொருந்திய மேகசின்" வெகு எளிதாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். அலுமினியம் மெத்தென்ற உலோகம். பழைய எண்ணை இழைத்தெடுத்தால் அடிப்பகுதியின் விளிம்பு வளைவு மாறிவிடும், உயரமும் குறையும். சூல் நகரத்து ஹேனல் ஆலையின் மேகசின்களில் முதலில் 122 என்றும் பின்னர் எஃப்எக்ஸ்ஓ என்றும் குறியீடு, கழுகு/37 முத்திரை. எஃப்எக்ஸ்ஓ போர்க்காலப் பொருள், 1937 துப்பாக்கியோடு பிறந்ததல்ல. 2/1001 என்றிருந்தால் போருக்குப் பின் கிழக்கு ஜெர்மன் மக்கள் போலீஸுக்காகச் செய்தது. சுடுவதற்கு மட்டும் வேண்டுமென்றால் இத்தாலியின் மெக்-கார் புதிதாகச் செய்வது போதும், பழையதைத் தேய்க்கவே வேண்டாம்.

மரப்பிடிகள் வால்நட். உட்புறத்தில் எண்ணும் முத்திரையும் தேடுங்கள். உள்பக்கம் எண்ணெயும் அழுக்கும் ஊறிக் கருத்திருக்கும். வட்டவட்டமாகக் கட்டர் சுழன்ற தடமும் பளிச்சென்ற மரமும் தெரிந்தால் புதிது.

இதற்கெல்லாம் விதிவிலக்காக ஒரு தொகுதி உண்டு: பட்டறையில் மறுபடி செப்பனிடப்பட்ட லூகர்கள். முதல் உலகப் போருக்குப் பின் 1920 என்ற உடைமை முத்திரை பெற்றவற்றில், எர்ஃபுர்ட் ஃப்ரேமில் டிடபிள்யூஎம் பாகம் இருப்பது வழக்கம், சில சமயம் பழைய எண்ணைக் குறுக்கே கோடிட்டு நீக்கிவிட்டுப் புதிய எண்ணும் இட்டிருப்பார்கள். இரண்டாம் போருக்குப் பின் சோவியத் கிடங்குகளில் கைப்பற்றிய பிஸ்டல்களை மொத்தமாகப் பிரித்து, மெருகேற்றி, குளியலில் கருக்கி, கைக்கு வந்த பாகத்தை மாட்டினார்கள். கரிய நிறம், குழிகளுக்கு மேலேயே புளூயிங், மின்பேனாவால் கிறுக்கிய எண். இவற்றில் எண் பொருந்தாதது குறையே அல்ல, பட்டறை அப்படித்தான் அனுப்பியது. உங்களுடையதில் இந்த அடையாளங்கள் ஏதாவது இருந்தால் பாகம் தேடுவதை நிறுத்திவிடலாம்.

அது எதுவும் இல்லையென்றால், இப்போது மாட்டியிருக்கும் பொருந்தாத பாகங்களை லென்ஸில் பாருங்கள். ராணுவ உதிரிப் பாகங்கள் எண்ணில்லாமல் வந்தன, பொருத்தியவர் தன்னிடமிருந்த அச்சால் எண் அடித்தார் அல்லது அடிக்காமலே விட்டார். எண்ணே இல்லாத, நிறமும் தேய்மானமும் துப்பாக்கியோடு ஒத்த பாகம் என்றால் அதை அப்படியே வைத்திருப்பேன். வேறு எண் தெளிவாக அடித்திருந்தால் வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்தது, அதை மாற்றுவதில் தயக்கம் வேண்டாம்.

ஆர்டர் செய்யும்போது விற்பவரிடம் பாகத்தின் மறைவான பக்கம், எண்ணின் அண்மைப்படம், அளவுகோலோடு பக்கவாட்டுப் படம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். வெளிப்பக்கத்தை மட்டும் அழகாக ஒளியூட்டி எடுத்த ஒற்றைப் படத்தை வைத்து வாங்க வேண்டாம். "சுத்தம் செய்து தருகிறேன்" என்றால் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள், கம்பித் தூரிகை போட்டுவிட்டால் பார்க்க வேண்டியதெல்லாம் போய்விடும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கி என்ற வரையறைக்குள்ளேயே அதன் பாகங்களும் அடங்கும். வெளிநாட்டிலிருந்து ஒரு ஃபயரிங் பின்னைத் தபாலில் வரவழைப்பதும் உரிமம் கேட்கும் விஷயமே.

பொருத்திய பின் வெற்றுத் துப்பாக்கியில் டாகிளை மெதுவாக இருபது முறை ஓட்டிப் பாருங்கள். லீவர் இறுகி நிற்கிறதா, டாகிள் பின் வெளியே தள்ளுகிறதா, ஃபயரிங் பின் தானாகப் பின்வாங்குகிறதா என்பதைக் கவனியுங்கள். சுடும் எண்ணம் இருந்தால் லூகர் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிய பிறகு மட்டும். கழற்றிய மூன்று பாகங்களையும் எண்ணெய் தடவித் தனித்தனிப் பையில் போட்டு, எந்தத் தேதியில் எதற்குப் பதிலாக எது போனது என்று எழுதித் துப்பாக்கியின் ஆவணத்தோடு வையுங்கள். விற்கும் நாளில் வாங்குபவர் கையில் அந்தப் பைகளும் சேர்ந்தே போக வேண்டும்.